கையடக்கக் கணினிக்குக் குறைமின் திரை: எதை எடுப்பது, எப்படி இணைப்பது

ராஸ்பெர்ரி பை மாதிரி ஒரு சின்ன போர்டு, ஒரு குட்டி கீபோர்டு, ஒரு லித்தியம் பேட்டரி. இவற்றை ஒரு பெட்டிக்குள் அடக்கிச் சொந்தமாகக் கையடக்கக் கணினி செய்ய நினைப்பவர்கள் அதிகம் குழம்புவது திரையில்தான். கைக்குக் கிடைத்த வண்ணத் திரையை முதலில் மாட்டுவார்கள். பேட்டரி நாள் முழுக்கத் தாங்காது. அப்போது யாராவது "இ-பேப்பர் போடுங்க, மாசக்கணக்குல ஓடும்" என்பார்கள். அந்தப் பேச்சில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியைக் காசு செலவழிப்பதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

கணக்கு எளிதுதான். 3.7 வோல்ட், 3000 மில்லியாம்பியர்-மணி கொண்ட ஒரு லித்தியம் செல்லில் சுமார் 11 வாட்-மணி ஆற்றல் இருக்கும். அதை 5 வோல்ட்டுக்கு ஏற்றும்போது கொஞ்சம் வீணாகும். கையில் 10 நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பை ஜீரோ 2 போன்ற சின்ன போர்டு சும்மா இருக்கும்போதே சுமார் அரை வாட் எடுக்கும். பின்னொளி உள்ள சின்ன வண்ணத் திரை இன்னொரு அரை வாட் எடுப்பதாகக் கொள்ளுங்கள். மொத்தம் ஒரு வாட், அதாவது 10 மணி நேரம். இப்போது திரையைக் கழற்றிவிட்டு மின்சாரமே எடுக்காத ஒரு திரையை மாட்டினாலும் போர்டின் அரை வாட் அப்படியே இருக்கும். 20 மணி நேரம் ஓடும். இரண்டு மடங்கு லாபம், நல்லதுதான். ஆனால் மாதக்கணக்கு எங்கே?

இதையே பை 4 போர்டில் போட்டுப் பாருங்கள். அது சும்மா இருக்கும்போதே 3 வாட்டை ஒட்டி எடுக்கும். திரையோடு சேர்த்து 3.5 வாட் என்றால் 2 மணி 50 நிமிடம். திரையின் செலவைச் சுழியமாக்கினால் 3 மணி 20 நிமிடம். இவ்வளவு பாடுபட்டு மிச்சமானது அரை மணி நேரம். யானைப் பசிக்குச் சோளப்பொரி.

ஆகவே திரையை மட்டும் தனியாக யோசிக்கக் கூடாது. திரை தன் பங்கைத்தான் மிச்சப்படுத்தும். அதன் உண்மையான பலன் கிடைப்பது, திரையில் எழுத்து அப்படியே நிற்க, பின்னால் கணினி தூங்கப் போகும்போதுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு திரைகளைப் பார்ப்போம்.

திரையில் மின்சாரம் எங்கே போகிறது

இரண்டு இடங்களில். ஒன்று, வெளிச்சம். இன்னொன்று, படத்தைப் பிடித்து நிறுத்துவது.

சாதாரண எல்சிடி திரையில் திரவப் படிகம் தானாக ஒளிராது. பின்னாலிருந்து வரும் ஒளியை விடும் அல்லது தடுக்கும். செலவின் பெரும்பகுதி அந்தப் பின்னொளிக்குத்தான். அதோடு, படம் மாறாவிட்டாலும் ஒவ்வொரு பிக்சலுக்கும் நொடிக்குப் பல முறை திரும்பத் திரும்ப மின்னழுத்தம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பின்னொளியே இல்லாமல், மேலே விழும் ஒளியைத் திருப்பி அனுப்பும் எல்சிடியும் உண்டு. கால்குலேட்டரில் பார்த்திருப்பீர்கள். 1983-இல் வந்த டிஆர்எஸ்-80 மாடல் 100 என்ற கையடக்கக் கணினியில் இந்த வகைத் திரைதான் இருந்தது. வரிக்கு 40 எழுத்து, மொத்தம் 8 வரி. 4 ஏஏ பேட்டரியில் சுமார் 20 மணி நேரம் ஓடியது. பத்திரிகையாளர்கள் அதைப் பையில் போட்டுக்கொண்டு போய்ச் செய்தி தட்டச்சு செய்தார்கள். குறைமின் திரை என்பது புதிய மோகம் ஒன்றும் இல்லை.

ஓஎல்இடி திரையை இந்தப் பட்டியலில் சேர்ப்பவர்கள் உண்டு. அதில் எரியும் பிக்சலுக்கு மட்டும்தான் மின்சாரம் என்பது சரி. 128-க்கு 64 பிக்சல் கொண்ட ஒரு அங்குலத் திரையில் பேட்டரி அளவு, நேரம் காட்ட அருமையாக இருக்கும். ஆனால் ஒரு பக்கம் முழுக்க எழுத்தைப் படிக்கவோ எழுதவோ அது போதாது. விட்டுவிடலாம். உண்மையான போட்டி மெமரி எல்சிடிக்கும் இ-பேப்பருக்கும் இடையில்தான்.

மெமரி எல்சிடி

ஷார்ப் நிறுவனத்தின் தயாரிப்பு. ஒவ்வொரு பிக்சலுக்கும் அடியில், கண்ணாடியிலேயே, ஒரு பிட் நினைவகம் பதித்திருப்பார்கள். கறுப்பா வெள்ளையா என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். பிக்சல் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும். திரும்பத் திரும்பப் படத்தை அனுப்ப வேண்டியதில்லை. 2013-இல் வந்த பெபிள் கைக்கடிகாரத்தில் இதுதான் இருந்தது. 2022-இல் வந்த பிளேடேட் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியிலும் இதுதான்.

சொந்தக் கணினி செய்பவர்கள் பெரும்பாலும் எடுப்பது 2.7 அங்குலத் திரையை. 400-க்கு 240 பிக்சல். படம் மாறாமல் நிற்கும்போது அது எடுப்பது சுமார் 50 மைக்ரோவாட். நொடிக்கு ஒருமுறை மாற்றினால் சுமார் 175 மைக்ரோவாட். மில்லி அல்ல, மைக்ரோ. வேகமும் நன்றாகவே இருக்கும்: முழுத் திரையையும் மாற்ற சுமார் 50 மில்லிநொடி. தட்டச்சு செய்யும்போது எழுத்து விரலோடு கூடவே வரும்.

குறைகளும் உண்டு. கறுப்பு வெள்ளை மட்டும்தான், நடுவில் சாம்பல் நிறம் கிடையாது. பெரிய அளவில் கிடைப்பது கடினம். 4.4 அங்குலத்துக்குப் போனால் பிக்சல் கூடுவதற்குப் பதிலாக 320-க்கு 240 ஆகக் குறைகிறது. சொந்த வெளிச்சம் இல்லாததால் இருட்டில் ஒன்றும் தெரியாது. வெயிலில் மட்டும் மிகத் தெளிவாக இருக்கும்.

இன்னொன்று, பலரும் கவனிக்காமல் விடுவது. திரவப் படிகத்தின் மேல் ஒரே திசையில் மின்னழுத்தம் நீண்ட நேரம் நின்றால் அது கெட்டுப்போகும். எனவே நொடிக்கு ஒருமுறையாவது அந்தத் திசையைப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இதை நிரல் வழியாகவும் செய்யலாம், தனி பின் (இணைப்புக் கால்) ஒன்றில் துடிப்பு கொடுத்தும் செய்யலாம். நிரல் வழியாகச் செய்தால், நிரல் எங்காவது சிக்கி நின்றுவிட்டால் புரட்டலும் நின்றுவிடும். தனி பின் வழிதான் எனக்குப் பிடித்தது. டிஎஸ்3231 என்ற கடிகாரச் சிப்பு நொடிக்கு ஒரு துடிப்பை வெளியே தரும். கையடக்கக் கணினிக்கு நேரம் காட்ட எப்படியும் ஒரு கடிகாரச் சிப்பு வேண்டும். அதையே இதற்கும் கட்டிவிடலாம். அந்தத் துடிப்புக் காலுக்கும் மின்விநியோகத்துக்கும் இடையில் ஒரு மின்தடை வைத்தால்தான் துடிப்பு வரும் என்பதை மறக்க வேண்டாம்.

இ-பேப்பர்

மின்நூல் கருவிகளில் இருக்கும் திரை. 1997-இல் எம்ஐடி மீடியா லேபிலிருந்து பிரிந்து உருவான இ இங்க் நிறுவனம் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னச் சின்ன உறைகள். ஒவ்வொன்றிலும் தெளிந்த திரவம். அதில் மிதக்கும் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும். இரண்டுக்கும் எதிரெதிர் மின்னேற்றம். மின்புலத்தை ஒரு திசையில் கொடுத்தால் வெள்ளை மேலே வரும், மறு திசையில் கொடுத்தால் கறுப்பு. மேலே வந்த துகள் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அங்கேயே நிற்கும். பேட்டரியைக் கழற்றி எடுத்தாலும் படம் போகாது.

மாற்றும்போதுதான் செலவு. துகள்களை நகர்த்த 15 வோல்ட் அளவுக்கு இரு திசையிலும் அழுத்தம் வேண்டும், கொஞ்சம் பொறுமையும் வேண்டும். முழுமையாகப் புதுப்பிக்கும்போது திரை கறுப்பாகி, வெள்ளையாகி, மறுபடி மின்னி, அதற்குப் பிறகே எழுத்து வந்து நிற்கும். அளவைப் பொறுத்துச் சில நொடிகள் பிடிக்கும். ஒரு பகுதியை மட்டும் மாற்றும் வழியும் உண்டு. அதற்கு நொடியில் மூன்றில் ஒரு பங்கு போதும், மின்னலும் இருக்காது. ஆனால் பழைய எழுத்தின் சாயல் லேசாகத் தங்கிவிடும். சில பகுதி மாற்றங்களுக்கு ஒருமுறை முழுப் புதுப்பிப்பு கொடுத்துத் துடைத்துவிட வேண்டும்.

சிவப்போ மஞ்சளோ சேர்ந்த மூவண்ண இ-பேப்பர் அழகாக இருக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். அதில் ஒரு புதுப்பிப்புக்குக் கால் நிமிடம்கூட ஆகும். விலைச்சீட்டுக்குச் சரி, கணினிக்குச் சரிவராது.

எதை எடுப்பது? டெர்மினல் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்), குறிப்பு எழுதுவது, நிரல் எழுதுவது என்றால் மெமரி எல்சிடி. வாசிப்பு, நாட்காட்டி, செய்யவேண்டியவை பட்டியல் என்றால் இ-பேப்பர். இரண்டுக்கும் நடுவில் ஊசலாடுபவர்களுக்கு, கீபோர்டு இருக்கிறது என்றால் மெமரி எல்சிடி பக்கம் சாயுங்கள் என்பேன். இ-பேப்பரில் தட்டச்சு செய்யவே முடியாது என்பதில்லை, அதற்குத் தனி மனப்பக்குவம் வேண்டும்.

கம்பிகள்

இந்த இரண்டு வகையும் பெரும்பாலும் எஸ்பிஐ என்ற முறையில் பேசும். பயப்பட ஒன்றும் இல்லை. ஒரு கம்பியில் தரவு ஒவ்வொரு பிட்டாகப் போகும். இன்னொரு கம்பியில் கிளாக். அது ஒருமுறை துடித்தால் ஒரு பிட் படிக்கப்படும். மூன்றாவது சிப் செலக்ட், "உன்னோடுதான் பேசுகிறேன்" என்று திரைக்குச் சொல்வது. இவற்றோடு மின்சாரமும் கிரவுண்டும். திரை திருப்பிப் பேச வேண்டியதில்லை என்பதால் வரவுக் கம்பி தேவைப்படாது.

ராஸ்பெர்ரி பையின் 40 பின் வரிசையில் தரவு 19-ஆம் பின், கிளாக் 23, சிப் செலக்ட் 24. 3.3 வோல்ட் 1-ஆம் பின்னில், 5 வோல்ட் 2-இல், கிரவுண்ட் 6-இல் கிடைக்கும். இ-பேப்பருக்கு இன்னும் மூன்று கம்பிகள் வேண்டும்: அனுப்புவது கட்டளையா தரவா என்று சொல்ல ஒன்று, ரீசெட் ஒன்று, பிஸி ஒன்று. பிஸி மட்டும் திரையிலிருந்து போர்டுக்கு வரும் கம்பி. "இன்னும் வேலை முடியவில்லை, பொறு" என்பது அதன் செய்தி. அதைக் கட்டாமல் விட்டால் ஒன்று, நிரல் முடிவில்லாமல் காத்துக்கொண்டு நிற்கும், இல்லாவிட்டால் முந்திக்கொண்டு அடுத்த படத்தை அனுப்பிப் பாழாக்கும்.

வெறும் கண்ணாடித் திரையாக வாங்காமல், அதற்கான டிரைவர் போர்டோடு வாங்குங்கள். இ-பேப்பருக்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தை அந்தப் போர்டுதான் உண்டாக்கும். 2.7 அங்குல மெமரி எல்சிடிக்கு 5 வோல்ட் விநியோகம் வேண்டும், ஆனால் சமிக்ஞை 3 வோல்ட் அளவில் இருந்தால் போதும்; பையின் பின்கள் 3.3 வோல்ட் என்பதால் நேரடியாகப் பொருந்தும். 5 வோல்ட் சமிக்ஞை தரும் பழைய ஆர்டுயினோ போர்டு என்றால் நடுவில் மின்னழுத்த மாற்றி வைக்காமல் கட்டாதீர்கள். உடைந்த மின்நூல் கருவியிலிருந்து 6 அங்குலத் திரையைக் கழற்றி வைத்திருந்தால் அது வேறு கதை: அவற்றில் இணையான தரவுக் கம்பிகள் இருக்கும், ஐடி8951 போன்ற தனிக் கட்டுப்பாட்டுச் சிப்பு உள்ள போர்டு வேண்டும்.

திரையிலிருந்து வரும் ரிப்பன் கேபிளை மாட்டுவதில் அவசரம் கூடாது. டிரைவர் போர்டில் உள்ள சாக்கெட்டுக்கு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதை நகத்தால் மெல்ல நெம்பி நிமிர்த்த வேண்டும். பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். ரிப்பனின் தங்கநிறக் கோடுகள் சாக்கெட்டில் எந்தப் பக்கம் தொட வேண்டுமோ அந்தப் பக்கம் பார்த்து, நேராக உள்ளே தள்ளி, மூடியைப் படுத்த வேண்டும். கோடுகள் அரை மில்லிமீட்டர் இடைவெளியில் இருப்பதால் சற்றே சாய்ந்து நுழைந்தாலும் பக்கத்துக் கோட்டைத் தொட்டுவிடும். மூடிய பிறகு, ரிப்பனின் விளிம்பு சாக்கெட்டுக்கு இணையாக இருக்கிறதா என்று பக்கவாட்டில் ஒருமுறை பாருங்கள். கண்ணாடியோடு ரிப்பன் சேரும் இடத்தை மடிக்கவே கூடாது. அங்கே கிழிந்தால் ஒட்ட வழியில்லை. இவ்வளவையும் மின்சாரம் இல்லாதபோதுதான் செய்ய வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

ஒன்றுமே தெரியவில்லை என்றால்

ராஸ்பெர்ரி பையில் எஸ்பிஐ வசதி ஆரம்பத்தில் அணைந்திருக்கும். அமைப்புப் பட்டியலில் இன்டர்ஃபேஸ் பகுதிக்குப் போய் இயக்கிவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். அதற்குப் பிறகும் திரை வெறுமையாக இருந்தால் முதலில் மல்டிமீட்டரை எடுத்துத் திரையின் மின்விநியோகப் பின்னில் சரியான வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். நிரலைத் திருத்தத் தொடங்குவது அதற்குப் பிறகு.

மெமரி எல்சிடியில் சிக்கவைக்கும் விஷயம் ஒன்று உண்டு. எஸ்பிஐ கருவிகள் பெரும்பாலானவற்றில் சிப் செலக்ட் கம்பி தாழ்ந்திருந்தால்தான் "கேள்" என்று பொருள். இந்தத் திரையில் தலைகீழ், உயர்ந்தால்தான் கேட்கும். வழக்கமான அமைப்பில் விட்டால் எல்லாம் சரியாகக் கட்டியிருந்தும் திரை ஊமையாக இருக்கும். வேறொரு சாதாரண பின்னை எடுத்து, நிரலிலிருந்து நாமே உயர்த்தித் தாழ்த்துவது சுலபமான வழி. அதுபோல ஒவ்வொரு பைட்டின் கடைசி பிட்டை இந்தத் திரை முதலில் எதிர்பார்க்கும். பையின் வன்பொருள் முதல் பிட்டைத்தான் முதலில் அனுப்பும். அனுப்புவதற்கு முன் நிரலில் பிட்களைத் திருப்பிப்போட வேண்டும். நல்ல லைப்ரரி என்றால் அதுவே செய்துவிடும்.

மேலே பாதி படம் வந்து கீழே வரவில்லை, அல்லது செய்தி பெரிதாக இருக்கிறது என்று பிழை வருகிறதா? பையில் ஓடும் இயங்குதளமான லினக்ஸின் எஸ்பிஐ வழி ஒரே தடவையில் 4096 பைட் மட்டுமே ஏற்கும், மாற்றாமல் விட்டால். இந்தத் திரையின் ஒரு முழுப் படம் 12 ஆயிரம் பைட்டுக்கு மேல். வரிகளைத் துண்டு துண்டாகப் பிரித்து அனுப்பினால் தீர்ந்தது.

உண்மையில் முழுப் படத்தை அனுப்பவே தேவையில்லை. ஒரு வரிப் பிக்சலுக்கு 50 பைட் தரவு, முகவரியும் இடைவெளியும் சேர்த்து 52. ஒரு எழுத்தின் உயரம் 16 பிக்சல் என்றால் 16 வரி மட்டும் மாறும், சுமார் 830 பைட். முழுப் படத்துக்கு 50 மில்லிநொடி ஆகும் இடத்தில் இதற்கு மூன்று, நான்கு போதும். மாறிய வரியை மட்டும் அனுப்பும் பழக்கம் திரையின் செலவையும் குறைக்கும், கணினியின் செலவையும் குறைக்கும்.

நிரல் பக்கம்

திரையில் படம் வரவைக்க இரண்டு வழி. உங்கள் நிரலே படத்தை வரைந்து எஸ்பிஐ வழியாகத் தள்ளுவது ஒன்று. லினக்ஸின் கர்னல் டிரைவர் (இயங்குதளத்துக்குள்ளேயே இருந்து திரையை இயக்கும் நிரல்) ஒன்றைப் போட்டு, இந்தத் திரையையே கணினியின் முதன்மைத் திரையாக அறிவிப்பது இன்னொன்று. தொடங்குபவர்களுக்கு முதல் வழி நல்லது. பைத்தானில் பில்லோ லைப்ரரியை வைத்துக் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை வரைந்து அனுப்பிப் பாருங்கள். அது வந்துவிட்டால் வன்பொருள் சரி. பிறகு டிரைவர் பக்கம் போகலாம். டெர்மினலே அங்கு வந்ததும்தான் அது கணினி போல் தோன்றும்.

தமிழில் எழுத நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. லினக்ஸின் வெற்று கன்சோல் எழுத்தை ஒவ்வொன்றாக அடுத்தடுத்த கட்டத்தில் வைக்கும். கொம்பும் காலும் மெய்யின் இருபுறமும் வர வேண்டிய "கொ" போன்றவற்றை அதற்குக் கோக்கத் தெரியாது. பில்லோவை ராக்ம் என்ற துணை லைப்ரரியோடு நிறுவினால் சரியாக வரும். எழுத்துருவின் அளவையும் ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடக் கொஞ்சம் பெரிதாக வைக்க வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் சுழிகள் அடைத்துக்கொள்ளும்.

வண்ணத் திரைக்கென்று பழகிய அமைப்புகள் இங்கே காலை வாரும். அடர்நீல எழுத்து கறுப்புப் பின்னணியில் கரைந்து காணாமல் போகும். டெர்மினலை இரு நிறத்துக்கு மாற்றுங்கள். கர்சர் சிமிட்டுவதை நிறுத்துங்கள்: இ-பேப்பரில் ஒவ்வொரு சிமிட்டலும் ஒரு புதுப்பிப்பு. யாரும் ஒன்றும் செய்யாமல் இருக்கும்போதே திரை நொடிக்கு நொடி துகள்களை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருக்கும், அதற்காகப் போர்டும் விழித்திருக்கும். வேகமாகத் தட்டச்சு செய்பவர் நொடிக்கு ஐந்து விசை அடிப்பார். பகுதிப் புதுப்பிப்பு மூன்றைத்தான் தாங்கும். எனவே ஒவ்வொரு விசைக்கும் படம் அனுப்பாமல், பிஸி கம்பி விடுபட்டதும் அதுவரை சேர்ந்த எழுத்துகளை மொத்தமாக அனுப்ப வேண்டும். எழுத்து இரண்டு மூன்றாகச் சேர்ந்து வரும், ஆனால் பின்தங்காது.

தூக்கம்

இனி மாதக்கணக்குப் பேச்சுக்கு வருவோம். ராஸ்பெர்ரி பையில், லேப்டாப்பை மூடினால் தூங்குவது போன்ற வசதி கிடையாது. ஒன்று முழுதாக ஓடும், இல்லை முழுதாக அணையும். அணைத்து எழுப்பினால் பூட் ஆகும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் பையோடு குறைமின் திரையைச் சேர்த்தால் கிடைப்பது மேலே பார்த்த இரண்டு மடங்கு ஆயுளும், வெயிலில் படிக்கும் வசதியும். அதுவே பலருக்குப் போதும்.

அதற்கு மேல் வேண்டும் என்றால் லினக்ஸை விட்டுவிட்டு இஎஸ்பி32 போன்ற மைக்ரோகன்ட்ரோலருக்கு, அதாவது உங்கள் நிரலை மட்டும் ஓட்டும் குட்டிச் சிப்புக்கு, போக வேண்டும். குறிப்பெழுதும் கருவி, மின்நூல் வாசிப்பான் போன்றவற்றுக்கு அது தாராளம். அந்தச் சிப்பு லேசான தூக்கத்தில் 1 மில்லியாம்பியருக்கும் குறைவாகவும், ஆழ்ந்த தூக்கத்தில் 10 மைக்ரோஆம்பியர் அளவிலும் எடுக்கும். ஒரு விசைக்கும் அடுத்த விசைக்கும் இடையில் அது லேசாகத் தூங்கலாம். திரையில் எழுத்து நிற்பதால் பயனருக்கு ஒன்றும் தெரியாது. நீங்கள் ஒரு பத்தியைப் படித்து யோசிக்கும் இரண்டு நிமிடமும் கணினி அசைவில்லாமல் கிடக்கும். பேட்டரி வாரக்கணக்கில் வருவது இந்த இடத்தில்தான்.

இப்படி ஒரு நிலைக்கு வந்ததும், அதுவரை கண்ணில் படாத சில்லறைச் செலவுகள் பெரிதாகிவிடும். போர்டில் எரியும் அந்தச் சின்ன சிவப்பு எல்இடி 2 மில்லியாம்பியர் எடுத்தால், 3.3 வோல்ட்டில் 6.6 மில்லிவாட். நொடிக்கொருமுறை மாறும் 2.7 அங்குல மெமரி எல்சிடியைவிட முப்பது மடங்குக்கும் மேல்! அதைச் சாலிடர் உருக்கி எடுத்துவிடுங்கள். யூஎஸ்பி சிப்பு, மின்னழுத்தம் ஏற்றும் மாட்யூல் ஆகியவை சும்மா இருக்கும்போது எவ்வளவு உறிஞ்சுகின்றன என்று மல்டிமீட்டரைப் பேட்டரியோடு தொடரில் வைத்துப் பாருங்கள். தூங்கும்போது சில மில்லியாம்பியர் காட்டினால் சிப்பு அல்ல, சுற்றியுள்ள ஏதோ ஒன்று விழித்திருக்கிறது.

தூங்கப் போகுமுன் செய்ய வேண்டியது திரைக்குத் திரை மாறும். இ-பேப்பருக்கு உறக்கக் கட்டளை அனுப்பிவிட வேண்டும். உயர் மின்னழுத்தம் நின்றபடியே விட்டுவைத்தால் திரை நாளடைவில் பழுதாகும். மெமரி எல்சிடிக்கு நேர்மாறு: கணினி தூங்கினாலும் அந்த நொடிக்கொரு துடிப்பு நிற்கக் கூடாது. கடிகாரச் சிப்பைக் கட்டியிருந்தால் அது பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருக்கும். இல்லாவிட்டால் திரையின் மின்சாரத்தையும் சேர்த்தே அணைத்துவிடுங்கள். படம் போய்விடும், திரை பிழைத்துக்கொள்ளும்.